கிளவுடுக்கு மாறும் முன் திட்டம் போட்டுத் தரும் சேவை: போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியின் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கையும் சரக்கு விவரத்தையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வெளியூர் சர்வருக்கு, கொண்டுபோக நினைக்கும் வியாபாரிகள், சர்வர் வாடகை பேசுவதற்கு முன்னால், திட்டம் போடுவதற்கென்றே தனியாக ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்தோம். இந்த மாற்றத்துக்காகக் கம்பெனி செய்த செலவுகளில் அதைத்தான் மிக உருப்படியான செலவு என்பேன். ஐந்துக்கு நாலரை மதிப்பெண். அரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

எங்களுக்கு வேலை செய்தவர்கள் மதுரைக்காரர்கள், இரண்டே பேர். கைநிறைய வேலை இருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. நீங்கள் வேறு யாரிடம் போனாலும் என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி, சலித்து, தரம் பிரித்து வடக்கே அனுப்பும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்குப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். தலைமை அலுவலகம் போடியில். கேரளப் பக்கம் வண்டன்மேட்டில் ஒரு கிட்டங்கி, குமுளியில் சின்னதாக ஒரு கொள்முதல் ஆபீஸ். மாநில எல்லை எங்கள் கணக்குக்கு நடுவில்தான் போகிறது. தமிழ்நாட்டுப் பதிவுக்கு 33 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண், கேரளப் பதிவுக்கு 32 என்று தொடங்கும் எண், நாங்கள் கணக்கு எழுதும் டேலி மென்பொருளில் இரண்டு தனித்தனிக் கம்பெனிகள். எங்கள் சொந்தச் சரக்கையே வண்டன்மேட்டிலிருந்து போடிக்கு இறக்கினாலும் இரண்டு பதிவுகளுக்கு இடையே நடப்பதால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி) பில் போட வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால், வண்டியில் சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில்லும் வேண்டும். ஏலக்காய் விற்கிற விலைக்கு ஒரு ஜீப்பில் நாலு மூட்டை ஏற்றினாலே அந்தத் தொகை தாண்டிவிடும். போடி ஆபீஸில் சிஸ்டம் படுத்தால் எல்லையில் கம்பம்மெட்டுப் பக்கம் வண்டி நிற்கும். அதனால் சர்வர் என்பது எங்களுக்கு ஏதோ கம்ப்யூட்டர்க்காரர் விவகாரமாக இருக்கவே முடியாது.

பழைய சர்வர் ஆபீஸின் பின்னறையில் இருந்தது. அதில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012. மைக்ரோசாப்ட் 2023 அக்டோபரோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. முதலாளியிடம் இதைச் சொன்னபோது, "புதுசா ஒண்ணு வாங்கணுமா, இல்ல எல்லாரும் சொல்ற மாதிரி கிளவுடுக்குப் போயிரலாமா? ரெண்டுல எது நல்லதுன்னு நீயே விசாரிச்சுச் சொல்லும்மா" என்றார். விசாரித்தேன். வந்த கொட்டேஷன்கள் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருந்தன. ஒரு யூசருக்கு மாதம் இவ்வளவு, மாற்றித் தருவது இலவசம், ஒரே நாளில் முடித்துவிடுவோம். எங்கள் டேட்டா எந்த ஊரில் இருக்கும் என்று ஒருவரைக் கேட்டேன். "எல்லாம் சேஃபா இருக்கும் மேடம்" என்று மட்டும் பதில் வந்தது. இன்னொருவர் ஏப்ரல் ஒன்றாம் தேதி நிலுவைகளை மட்டும் எடுத்துப் புதுக் கம்பெனி திறந்து தருவதாகச் சொன்னார்.

அது ஏன் ஆகாது என்று கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். கம்பெனிச் சட்டத்தின்படி நடக்கும் நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் வைத்திருக்கும் மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும். நிலுவையை மட்டும் எடுத்துப் போனால் அந்தத் தடம் பழைய பெட்டியிலேயே தங்கிவிடும். கணக்குப் புத்தகங்களை எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆடிட்டர் வந்து மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவைக் கேட்டால் பழைய சர்வரை மறுபடி துடைத்து ஓட்டவா முடியும்?

மதுரைக்காரர்களை ஆடிட்டர்தான் சொன்னார். அவர்கள் போனிலேயே இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். திட்டத்துக்குத் தனிக் கட்டணம். திட்டம் கையில் வந்த பிறகு, அதை யாரிடம் கொடுத்து வேண்டுமானாலும் வேலையை முடித்துக்கொள்ளலாம், தங்களிடமே தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்குப் பிடித்தது. சர்வர் விற்கிறவரே திட்டமும் போட்டால், எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றச் சொல்வதுதான் அவருக்கு லாபம். திட்டத்துக்கு மட்டும் கூலி வாங்குகிறவர், இதை ஏற்ற வேண்டாம் என்று சொல்லத் தயங்க மாட்டார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

முதல் வேலையாக அவர்கள் சர்வரைத் தொடவில்லை. ஆபீஸில் எண்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். டேலி, அதற்குள் எங்களுக்காக டிடிஎல் என்ற டேலியின் சொந்த மொழியில் எழுதப்பட்ட நிரல்கள், விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணத்தின் எக்செல் ஷீட், கிட்டங்கியில் தராசோடு இணைந்த எடை மென்பொருள், கைரேகை வருகைப் பதிவு, கேமரா ரெக்கார்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், ஈமெயில், சாம்பிள் போட்டோவும் விலையும் போகிற வாட்ஸ்அப் குரூப். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பயன்படுத்துகிறார்கள், எந்த நேரத்தில், இது நின்றால் வேறு எது நிற்கும் என்று எழுதினார்கள். அந்தப் பட்டியலை ஒட்டி ஒரு பெரிய தாளில் கோடு போட்டு இணைத்தபோதுதான், முன்பணக் கணக்கு முழுக்க கொள்முதல் மேலாளரின் லேப்டாப் ஒன்றில் மட்டும் இருப்பது முதலாளிக்குத் தெரிந்தது. மலையில் எந்தத் தோட்டக்காரர் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பது எங்கள் தொழிலில் உயிர்நாடியான விவரம். மற்றதெல்லாம் கிடக்கட்டும், முதலில் அதற்கு ஒரு நகல் எடுங்கள் என்று அன்று மாலையே எடுக்க வைத்துவிட்டுத்தான் மதுரைக்குக் கிளம்பினார்கள்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு. கார்ட்னர் என்ற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 2010-இல் இதற்கு ஐந்து வழிகள் வகுத்தது. அமேசானின் கிளவுட் பிரிவான அமேசான் வெப் சர்வீசஸ் அதைப் பின்னாளில் ஏழு வரை விரித்தது. எங்கள் அளவுக்கு நாலு போதும் என்று சொல்லிவிட்டார்கள்: இருப்பதை அப்படியே தூக்கி வைப்பது, அதை விட்டுவிட்டு ரெடிமேட் சேவைக்குப் போவது, இருக்கும் இடத்திலேயே விடுவது, மூடிவிடுவது. ஈமெயில் ரெடிமேட் சேவைக்குப் போனது. யாரும் திறக்காத பழைய ஸ்டாக் புரோகிராம் ஒன்று மூடப்பட்டது. கேமரா அசையவில்லை. வீடியோவை நாள் முழுக்க மேலே ஏற்றிக்கொண்டிருந்தால் இணைய லைன் அதற்கே சரியாகப் போய்விடும்.

டேலியைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. ஜோஹோ புக்ஸ் மாதிரி பிறவியிலேயே கிளவுடில் இருக்கும் மென்பொருளுக்குப் போகலாமா என்று நானே கேட்டேன். இந்தியாவிலேயே டேட்டா சென்டர், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ், நம் ஊர்ப்பக்கத்துக் கம்பெனி என்ற பற்றும் எனக்கு உண்டு. மூத்தவர் பொறுமையாக விளக்கினார். புதிதாகக் கடை திறக்கிறவராக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்களாம். எங்களுக்கோ லாட் வாரியாக, தரம் வாரியாக, தோட்டக்காரர் முன்பணத்தைக் கழித்துக்கொண்டு பில் அடிக்க டிடிஎல் எழுதி வைத்திருக்கிறது. அதையெல்லாம் புது இடத்தில் மறுபடி உருவாக்கி, போடியிலும் மலையிலும் உள்ளவர்களைப் புதிதாகப் பழக்கி, அதே நேரத்தில் சர்வரையும் மாற்றினால், ஏதாவது தப்பு வரும்போது எதனால் வந்தது என்றே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்றார். டேலி அப்படியே தூக்கி வைக்கப்பட்டது. டேட்டா ஃபோல்டர் முழுசாகப் போனதால் மாற்றத் தடமும் கூடவே போய்விட்டது.

இருக்கிற இடத்திலேயே விட்டதில் முக்கியமானது வண்டன்மேடு தராசு. முதல் வரைவில் எடைப் பதிவும் நேராக கிளவுடுக்குப் போவதாக இருந்தது. அதைக் கிட்டங்கிக்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார்கள். கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் சேட்டனுக்கு ஐம்பது வயதுக்கு மேல், ஏலக்காயைக் கையில் அள்ளியதும் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் எவ்வளவு நிற்கும் என்று சொல்லிவிடுவார். முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "சேச்சி, மழை வந்தால் நெட் போகும். நெட் போனால் காய் கொண்டுவந்த ஆளை நான் எவ்வளவு நேரம் நிறுத்துவேன்?" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அறுவடை உச்சத்தில் இருப்பதும் மழை கொட்டுவதும் எங்கள் மலையில் ஒரே மாதங்களில்தான். மரம் விழுந்து கேபிள் அறும், கரண்ட் போகும். எடை போட்டுக் கையில் சீட்டு வாங்காமல் எந்தத் தோட்டக்காரரும் நகர மாட்டார், நகரவும் கூடாது.

அவர்கள் வாதாடவில்லை. அங்கேயே உட்கார்ந்து வரைவைத் திருத்தினார்கள். தராசும் சீட்டு அடிக்கும் லேப்டாப்பும் கிட்டங்கியிலேயே இருக்கும். இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடை நடக்கும். லைன் கிடைக்கும்போது அன்றைய பதிவுகள் ஒரு ஃபைலாக போடிக்கு வரும், நாங்கள் சரிபார்த்து டேலியில் ஏற்றுவோம். லைன் வரவே இல்லையென்றால் பென் டிரைவ் வண்டியோடு வரும். பெரிய நகரத்துக் கம்பெனி ஒன்றாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டாவது லைன், மூன்றாவது லைன் என்று விற்றிருக்கும். இவர்கள் கிளவுடு வேண்டாத இடத்தில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஒரு பக்கத்துக்கே கட்டணம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு கேள்வி வந்தது. ஆபீஸில் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டார்கள்: சிஸ்டம் நின்றால் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள்? திரும்பி வரும்போது எவ்வளவு நேரத்து என்ட்ரி தொலைந்திருந்தால் கையால் மறுபடி போட்டுக்கொள்வீர்கள்? முதலாளி உடனே, "ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது, ஒரு என்ட்ரிகூடப் போகக் கூடாது" என்றார். யாரும் அப்படித்தான் சொல்வார்கள். இளையவர் மறுக்கவில்லை. ஒரு நிமிஷமும் நிற்காமல் இருக்க இரண்டு சர்வர் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் மாதம் என்ன ஆகும், ஒரு மணி நேரத்தில் எழுப்பினால் போதும் என்றால் என்ன ஆகும், அரை நாள் என்றால் என்ன ஆகும் என்று மூன்று தொகைகளை எழுதி முதலாளி முன்னால் வைத்தார்.

அப்போதுதான் நிஜமான பேச்சு தொடங்கியது. ஏலம் நடக்கும் நாளில் எங்களுக்கு என்ன தேவை? ஏலத்தை மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் மின்-ஏலமாக நடத்துகிறார்கள். போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் மையங்கள். அந்த முறையையே 2021 ஜனவரியில் கிளவுடுக்கு மாற்றி, இங்கே இருப்பவரும் அங்கே இருப்பவரும் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும்படி செய்துவிட்டார்கள். ஆக ஏல மேடை எங்கள் சர்வரை நம்பி இல்லை. ஆனால் ஏலத்தில் உட்காரும் எங்கள் ஆளுக்கு, கையில் எந்தத் தரத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, எந்த வடநாட்டுப் பார்ட்டி எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பது தெரிய வேண்டும். அது இல்லாமல் விலை கேட்டால் தேவைக்கு மேல் வாங்கிவிடும் அபாயம் உண்டு. சரி, அந்த ரிப்போர்ட்டை ஏல நாள் காலையில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால்? அப்படியானால் ஒரு மணி நேரம் நின்றாலும் சமாளிக்கலாம். சாதாரண நாளில் அரை நாள்கூடப் பரவாயில்லை. விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய 11-ஆம் தேதியும் வரி கட்டும் 3பி படிவம் போட வேண்டிய 20-ஆம் தேதியும் நெருக்கடிதான், அதையும் முன்னாலேயே முடிக்கப் பழகிக்கொள்ளலாம். இ-வே பில்லுக்கு டேலியே வேண்டும் என்பதில்லை, அரசு போர்ட்டலில் நேராகவும் எடுக்கலாம். அதற்கான லாகினும் படிப்படியான செய்முறையும் ஒரு தாளில் எழுதி போடியிலும் குமுளியிலும் ஒட்டினோம்.

முதலாளி ஒரு மணி நேரக் கணக்கை எடுத்துக்கொண்டார். பதினைந்து நிமிஷத்து என்ட்ரி வரை தொலைந்தால் சம்மதம். சர்வரின் அளவு, பேக்கப் எத்தனை முறை, மாதச் செலவு எல்லாம் இந்தப் பதிலிலிருந்துதான் தானாக வந்தன. எனக்கு வந்த மற்ற கொட்டேஷன் எதிலும் இந்தக் கேள்வியே இல்லை. இதைக் கேட்காமல் ராம் எத்தனை ஜிபி என்று பேச ஆரம்பிப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

டேட்டா எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதற்கும் காரணத்தோடு பதில் இருந்தது. கம்பெனிகளின் கணக்குப் புத்தக பேக்கப், இந்தியாவில் இருக்கும் சர்வரில், தினமும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அமேசானுக்கு மும்பையில் 2016-இலிருந்தும் ஹைதராபாத்தில் 2022 நவம்பரிலிருந்தும் மையங்கள் உள்ளன. மைக்ரோசாப்டுக்கு சென்னையிலேயே உண்டு. போடியிலிருந்து இரண்டு கம்பெனியின் சர்வரையும் ஓட்டிப் பார்க்க வைத்தார்கள், டேலி எதிலுமே தடுமாறவில்லை. கடைசியில் மும்பையை எடுத்தோம். அங்கே ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று தனி வளாகத் தொகுதிகள் இருக்கின்றன. பேக்கப்பின் ஒரு நகல் ஹைதராபாத்துக்குப் போகிறது. இன்னொரு நகல் வாரம் ஒருமுறை போடி ஆபீஸின் ஹார்ட் டிஸ்க்குக்கு இறங்கி அலமாரிக்குள் போகிறது.

கிளவுடுக்குப் போன பிறகும் அலமாரியில் ஒன்று எதற்கு என்று முதலாளி கேட்டார். மூத்தவர் இரண்டு சம்பவங்களைச் சொன்னார். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்தது. பேக்கப்பையும் அதே கட்டடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி கூகுள் கிளவுடில் வைத்திருந்த தனி கிளவுட், அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையால் அழிந்துபோனது. வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது அவர்கள் மீள உதவியது. கட்டடத்தையும் டிஸ்க்கையும் காப்பது கிளவுட் கம்பெனியின் பொறுப்பு, அதற்குள் இருக்கும் டேட்டாவும் பாஸ்வேர்டும் நம் பொறுப்பு என்று அவர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பகுதியை எங்களுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினார்கள்.

செலவுப் பக்கத்தில் பலரும் விட்டுவிடும் சங்கதிகளை அவர்கள் விடவில்லை. டேலி சில்வர் ஒருவருக்கு, பலர் வேலை செய்ய கோல்டு வேண்டும். விண்டோஸ் சர்வருக்குள் நிர்வாக வேலைக்கென்று இரண்டு பேர்தான் ஒரே நேரத்தில் ரிமோட்டில் நுழைய முடியும், அதற்கு மேல் ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்க வேண்டும். மலிவான கொட்டேஷனில் இது இருக்காது. சர்வரை இணையத்தில் அடையாளம் காட்டும் பொது ஐபி முகவரிக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் மணிக்கணக்கில் காசு எடுக்கிறது. பில் ரூபாயில் வரும், 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, கணக்குத் திறக்கும்போதே நம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். இதைக் கணக்குக்காரியான என்னிடம் அவர்களாகவே சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொன்று. வாரத்துக்கு 168 மணி நேரம். எங்கள் ஆபீஸ் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, ஆறு நாள் நடந்தால் 72 மணி நேரம். சர்வரை அந்த நேரத்தில் மட்டும் தானாக எழுந்து தானாகத் தூங்கும்படி வைத்தால் ஓட்டக் கட்டணம் பாதிக்கும் கீழே வந்துவிடும். டிஸ்க் வாடகை மட்டும் நாள் முழுக்க ஓடும். தோட்டத்துக்கு மோட்டார் போடுகிறவர் தண்ணீர் பாய்ந்ததும் நிறுத்துவது மாதிரிதான் இதுவும். சீசனில் இரவு நீளும்போது நானே நேரத்தைக் கூட்டிக்கொள்ளக் கற்றுக் கொடுத்தார்கள். மாத பில் ஒரு வரம்பைத் தாண்டினால் எனக்கும் முதலாளிக்கும் மெயில் வரும். பழைய வருடக் கணக்குகள் மிக மலிவான சேமிப்பில் கிடக்கின்றன. அங்கிருந்து எடுக்கச் சில மணி நேரம் ஆகும், ஆடிட்டருக்கு அவ்வளவு அவசரம் இருக்காது.

பாதுகாப்பில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சர்வரைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைப்பதுதான் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் நுழையும் பிரதான வாசல்களில் ஒன்று. எங்கள் சர்வருக்கு விபிஎன் என்ற பூட்டிய தனி இணைப்பு வழியாக மட்டும்தான் போக முடியும், கூடவே போனில் வரும் எண்ணும் வேண்டும். ஆரம்பத்தில் எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எப்போது மாற்றுவது என்பதை மட்டும் எங்களிடமே விட்டார்கள். மார்ச் கணக்கு முடிப்பு, ஆகஸ்டிலிருந்து பொங்கல் வரை சீசன். நடுவில் மலையில் காய் குறைவாக இருக்கும் மே மாதம்தான் வசதி. சில வாரங்கள் பழையதில் வேலை, இரவில் நகல் மேலே போகும், காலையில் இரண்டு பக்கத்து ட்ரையல் பேலன்ஸும் தரவாரியான இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறினோம். திங்கள் மாலைக்குள் இன்னின்ன வேலை நடக்காவிட்டால் யாரையும் கேட்காமல் பழைய சர்வருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதி, என் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். திரும்ப வேண்டிய தேவை வரவில்லை. ஆனாலும் அந்தக் காகிதம் மேசையில் இருந்ததால்தான் அன்று நிதானமாக வேலை பார்க்க முடிந்தது.

இனி குறைகள். திட்ட அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. போடியில் பரவாயில்லை. வண்டன்மேட்டில் மலையாளம் தெரிந்தவர்கள், குமுளியில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர்கள், இவர்களுக்கு அந்த அறிக்கை எதற்கு? நானும் சேட்டனும் உட்கார்ந்து அவரவர் செய்ய வேண்டிய வேலையை மட்டும் இரண்டு மொழியிலும் எழுதினோம். எல்லைப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் இதைத் தாங்களே செய்து தர வேண்டும்.

அச்சு இரண்டாவது. நாங்கள் முன்பே அச்சிட்ட பில் புத்தகத்தில் டாட் மேட்ரிக்ஸில் அடிக்கிறோம். மும்பையில் இருக்கும் சர்வரிலிருந்து போடியில் இருக்கும் பிரிண்டருக்கு அடிக்கும்போது எழுத்துகள் கட்டத்தை விட்டு நகர்ந்தன. கணக்கெடுப்பில் பிரிண்டர் இருந்தது, சோதனையில் இல்லை. மாறிய வாரம் முழுக்க இதோடு மல்லுக்கட்டினோம். தனியாக ஒரு பிரிண்ட் மென்பொருள் போட்ட பிறகுதான் கட்டத்துக்குள் வந்தது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மேலே வேலை செய்யாது, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே குத்த வேண்டும் என்பதை மட்டும் முன்பே சரியாகச் சொல்லியிருந்தார்கள். குமுளி ஆபீஸின் லைன் எவ்வளவு தாங்கும் என்பதையும் வெயில் நாளில் அளந்து எழுதிவிட்டார்கள். மழையில் அது பாதியாகக் குறைந்தது. இரண்டாவதாக பிஎஸ்என்எல் ஃபைபர் இழுத்தோம், செலவு எங்களுடையது.

இவ்வளவுக்குப் பிறகும் நாலரை கொடுப்பதற்குக் காரணம் மீட்டெடுக்கும் ஒத்திகை. திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அதற்கு நாள் குறித்திருந்தது. சர்வர் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஹைதராபாத் நகலிலிருந்து புதிதாக ஒன்றை எழுப்பி, டேலியைத் திறந்து, அன்று காலை போட்ட ஒரு வண்டன்மேடு பில்லைத் தேடி எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியவள் நான், அவர்கள் பக்கத்தில் கை கட்டி நிற்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பில் திரையில் வந்தது. முதலாளி அந்த பில் எண்ணை நோட்டுப் புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "அப்ப சரிம்மா, பழைய பெட்டியைக் கழட்டிருங்க" என்றார். அந்த ஒத்திகையை வருடத்துக்கு இரண்டு முறை, சீசனுக்கு முன்னும் பின்னும், நாங்களே செய்யும்படி செய்முறை எழுதி வாங்கியிருக்கிறோம்.

ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜிஎஸ்டி எண், எல்லாம் ஒரே ஊரில் என்றால் இந்தச் சேவை உங்களுக்கு வேண்டாம். நேராக ரெடிமேட் கிளவுட் கணக்கு மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாநிலத்தில் பதிவு, மலையில் கிட்டங்கி, உங்களுக்கென்றே எழுதிய மென்பொருள் என்று இருந்தால் கட்டாயம் திட்டம் போடுங்கள். பேசும்போது மூன்றை எழுதி வாங்குங்கள்: திட்டத்தின் உரிமை உங்களுக்கே, மீட்டெடுக்கும் ஒத்திகை கட்டணத்துக்குள் அடக்கம், பிரிண்டரை உங்கள் பில் புத்தகத்திலேயே அடித்துச் சோதித்துத் தர வேண்டும். பாதிக் கட்டணத்தை முன்பணமாகவும் மீதியை ஒத்திகை முடிந்த பிறகும் என்று நாங்கள் பேசினோம், தயங்காமல் ஒத்துக்கொண்டார்கள்.